உள்ளங்காலில் கறுப்புத் தடம்: கள்ளிப்பால் பத்துப் போடலாமா? தோல் புற்றுக்குச் செடிகளில் மருந்து இருக்கா?

சின்னப்பாலம்_தம்பி
எல்லாருக்கும் வணக்கம். பாம்பன் பக்கம் சின்னப்பாலம் நான். எங்க பெரியம்மா கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து கடல்ல பாசி எடுக்கப் போறவங்க. வலது உள்ளங்கால்ல, குதிகாலுக்குச் சற்று முன்னால, கறுப்பா ஒரு தடம் இருக்கு. பாறை கிழிச்சு ரத்தம் கட்டிப் போச்சுன்னு எல்லாரும் விட்டுட்டோம். கால் கிழியறது இந்தத் தொழில்ல புதுசு இல்லையே. ஆனா போன வருஷம் கடுகு அளவு இருந்தது இப்ப பெரிய நெல்லிக்காயைக் குறுக்க வெட்டுன அளவுக்கு வந்துருச்சு. ஓரம் ஒழுங்கா இல்ல. ஒரு பக்கம் கருநீலம், ஒரு பக்கம் பழுப்பு. நடுவுல லேசா மேடு தட்டி, செருப்பு உரசுனா கசியுது. வலியே இல்லங்கறாங்க.

ஊர்ல நாட்டு வைத்தியம் பாக்குற ஒருத்தர், சதுரக்கள்ளிப் பால்ல மஞ்சள் குழைச்சு ஒரு மண்டலம் பத்துப் போட்டா உதிர்ந்துரும்கறார். கள்ளிப்பால்ல இருந்து ஆஸ்திரேலியாவுல தோல் புற்றுக்கு மருந்தே செஞ்சு வித்தாங்கன்னு போன்ல ஒரு செய்தியையும் காட்டுறார். பெரியம்மாவுக்கு ஆஸ்பத்திரின்னாலே பயம். கத்தி பட்டா பரவிரும்னு யாரோ மனசுல ஏத்தி வச்சிருக்காங்க. செடியில உண்மையிலேயே மருந்து இருக்கா, இல்ல சும்மா சொல்றாங்களா? படிச்சவங்க யாராவது சொல்லுங்க.

மண்டபம்_நர்ஸக்கா
தம்பி, மத்தவங்க பேசுறதெல்லாம் அப்புறம் படிச்சுக்க. முதல்ல இது. எதையும் பூசாத, சுரண்டாத, ஆணின்னு நினைச்சு பிளேடால சீவாத. இந்த வாரமே ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில தோல் பிரிவு புற நோயாளிச் சீட்டு போடு. வளர்ற கறுப்பு, ஒழுங்கில்லாத ஓரம், ரெண்டு மூணு நிறம், கசிவு, இத்தனையும் ஒரே இடத்துல இருந்தா அதை யாராவது லென்ஸ் வச்சுப் பாத்தே ஆகணும். புற்றாத்தான் இருக்கும்னு நான் சொல்லல. வலி இல்லைங்கறதை மட்டும் ஆறுதலா எடுத்துக்காத. காப்பீட்டு அட்டையையும் குடும்ப அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போ.

ஏர்வாடி_உப்பு
அக்கா பயமுறுத்தாதீங்க. தோல் புற்று வெள்ளைக்காரன் வியாதி. நம்ம தோலுக்கு அதெல்லாம் வராது. நானும் இருபது வயசுலேர்ந்து உப்பளத்து வெயில்ல நிக்கிறேன், ஒண்ணும் ஆகல.

மண்டபம்_நர்ஸக்கா
ஏர்வாடி அண்ணே, முகத்துலயும் முதுகுலயும் வெயிலால வர்ற வகை நமக்குக் குறைவுங்கறது சரி. நம்ம நிறத்துக்காரங்களுக்கு மெலனோமாங்கற கறுப்புத் தோல் புற்று வந்தா அது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடின்னுதான் பெரும்பாலும் தேடி வருது. வெயிலே படாத இடம். பாப் மார்லின்னு ஒரு பாட்டுக்காரர் இருந்தார், கேள்விப்பட்டிருப்பீங்க. அவருக்குக் கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில வந்தது இதுதான். பந்து விளையாடுனப்ப பட்ட அடின்னு முதல்ல நினைச்சாங்களாம். 1981-ல 36 வயசுல போயிட்டார். நமக்கு வராதுன்னு நினைச்சு உள்ளங்காலை யாரும் பாக்கறதில்ல. அதனாலதான் இங்க முத்துன பிறகு வர்றாங்க.

கீழக்கரை_காக்கா
நர்ஸம்மா சொல்றதை மறுக்கல. ஆனா கள்ளிப்பாலைக் கேவலமாப் பேசாதீங்க. எங்க வாப்பாவுக்குக் கழுத்துல மரு இருந்துச்சு. கள்ளிப்பால் தொட்டு வச்சாங்க, நாலு நாள்ல உதிர்ந்துச்சு. கண்ணால பாத்தவன் நான். அந்த ஆஸ்திரேலியா செய்தியும் பொய்யில்ல, நானும் படிச்சேன். நம்ம பாட்டன் தந்ததைக் கம்பெனிக்காரன் ட்யூப்ல அடைச்சா மருந்து, நாம பூசுனா மூடநம்பிக்கையா?

மருந்தியல்_மாணவி
மதுரையில் எம்.ஃபார்ம் படிக்கிறேன், தாவர மருந்தியல் பிரிவு. சொந்த ஊர் தேவிபட்டினம். காக்கா கேட்டது நல்ல கேள்வி, அதற்கு முழுசாகவே பதில் சொல்கிறேன்.

அந்தச் செய்தியில் பாதி உண்மை இருக்கிறது. யூஃபோர்பியா பெப்ளஸ் என்று ஒரு சின்னச் செடி. நம் கள்ளிக்கும் அம்மான் பச்சரிசிக்கும் அதே குடும்பம், அதே பேரினம். உடைத்தால் பால் வரும். ஆஸ்திரேலியாவில் மக்கள் அதை வெயில் தழும்புகளின் மேல் பூசி வந்தார்கள். ஆராய்ந்தபோது அந்தப் பாலில் இன்ஜினால் மெபுடேட் என்ற மூலக்கூறு கிடைத்தது. அதைக் களிம்பாக்கி 2012 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி வாங்கினார்கள். எதற்கு? புற்றுக்கு இல்லை. வெயிலால் தோலில் வரும் சொரசொரப்பான தடிப்புக்கு. விட்டால் சில நேரம் புற்றாக மாறக்கூடிய நிலை அது. முகத்துக்கு 0.015 சதவீதம், 3 நாள். உடம்புக்கு 0.05 சதவீதம், 2 நாள். அதோடு நிறுத்திவிட வேண்டும். ஒரு மண்டலம் என்று உங்கள் ஊர்க்காரர் சொல்வதையும் இந்த 2 நாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மீதிப் பாதியை அந்தச் செய்தி சொல்லாது. களிம்பு கடைக்கு வந்த பிறகும் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 3 வருட ஆய்வு ஒன்றில், இந்தக் களிம்பு பூசியவர்களில் 3.3 சதவீதம் பேருக்கு, பூசிய இடத்திலேயே செதிள்செல் புற்று என்ற தோல் புற்று வகை வந்தது. வேறொரு களிம்பு பூசியவர்களுக்கு அது 0.4 சதவீதம்தான். 2020-ல் ஐரோப்பாவில் அதை நிறுத்திவிட்டார்கள். சுத்தம் செய்து, அளவு கட்டி, பல வருடம் சோதித்த கள்ளிப்பால் மருந்தின் கதை இது. அதில் இருந்தது இன்ன மூலக்கூறு, இன்ன அளவு என்று தெரிந்திருந்ததால்தான் கெடுதலையும் கண்டுபிடிக்க முடிந்தது. ஓடைக்கரைச் சதுரக்கள்ளியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கோடையில் ஒரு அளவு, மழையில் ஒரு அளவு.

தொண்டிக்காரர்
ட்யூப்ல அடைச்சதையே தூக்கிப் போட்டுட்டாங்களாம் காக்கா. இப்ப என்ன சொல்றீங்க?

கீழக்கரை_காக்கா
தொண்டிக்காரரே, நக்கல் வேணாம். வாப்பாவோட மரு உதிர்ந்ததுக்கு என்ன பதில்?

மருந்தியல்_மாணவி
மரு உதிர்ந்திருக்கும் காக்கா, நம்புகிறேன். கள்ளிப்பால் தோலை எரிக்கும். மேல்தோலில் இருக்கிற மரு அதோடு கருகி விழும். மெலனோமா கீழ்நோக்கி வளர்வது. மேல்பகுதி கருகி, பொருக்குத் தட்டி, ஆறிப்போன மாதிரித் தெரியும்போது அடியில் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அமெரிக்காவில் இதே கதை வேறு செடியில் நடந்தது. ரத்தவேர் என்று சொல்லலாம், சிவப்புச் சாறு வரும் ஒரு கிழங்குச் செடி. அதோடு துத்தநாக குளோரைடு சேர்த்துக் கறுப்புக் களிம்பு என்று விற்கிறார்கள். பூசினால் சதை கருகித் தோல் கட்டியாகக் கழன்று வரும். புற்று வேரோடு வந்துவிட்டது என்று படம் எடுத்துப் போடுவார்கள். கழன்று வருவதில் நல்ல சதையும் உண்டு. அடியில் மிச்சமிருந்த புற்று பிறகு பரவியவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் நிறையக் குறிப்புகள் இருக்கின்றன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதைப் போலிப் புற்று மருந்துகள் பட்டியலில் வைத்திருக்கிறது.

பெரியம்மா விஷயத்தில் இன்னொரு நஷ்டமும் உண்டு. மெலனோமா என்றால் அது தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதை வைத்துத்தான் எவ்வளவு அகலம் வெட்டுவது, தொடை இடுக்கு நெறிக்கட்டியைச் சோதிப்பதா என்றெல்லாம் முடிவெடுப்பார்கள். மேல்பகுதியைக் கள்ளிப்பால் கரைத்துவிட்டால் அந்த அளவை யாராலும் எடுக்க முடியாது.

பரமக்குடி_சித்தமருத்துவர்
நான் பி.எஸ்.எம்.எஸ். முடிச்சு மருத்துவம் பாக்குறவன். ரெண்டு பக்கமும் ஒரு வார்த்தை சொல்லணும்.

தம்பி ஊர்ல பத்து போடச் சொல்றவர் சித்த மருத்துவர் இல்ல. பதிவெண் கேட்டுப் பாருங்க, இருக்காது. கள்ளி வகையை எங்க முறையில சுத்தி செஞ்சுதான் தொடுவோம், அதுவும் இந்த மாதிரிப் புண்ணுக்கு இல்ல. கண்ணுல ஒரு சொட்டு பட்டா பார்வைக்கே ஆபத்து. நாள்பட்ட புண்ணு, நிறம் மாறுற மச்சம் எது வந்தாலும் என் மேசையிலேர்ந்து நேரா பயாப்சிக்குத்தான் அனுப்புறேன். சதையை நுண்ணோக்கியில வச்சுப் பாக்காம இன்னதுன்னு சொல்ல எந்த முறையாலயும் ஆகாது. எங்க முறைக்கும்தான்.

அதே நேரம், மூலிகைன்னாலே ஏமாத்துன்னு தொண்டிக்காரர் மாதிரி சிரிக்கறவங்களுக்கு ஒண்ணு. ரத்தப் புற்று வார்டுல குழந்தைகளுக்கு ஏத்துற வின்கிரிஸ்டின் எதுலேர்ந்து வந்தது? ராமேஸ்வரம் தீவு மணல்லயும் கல்லறைத் தோட்டத்துலயும் தண்ணி ஊத்தாம பூத்துக் கிடக்கே நித்தியகல்யாணி, அதுலேர்ந்து. சுடுகாட்டு மல்லின்னு வீட்ல வைக்கவே யோசிப்பாங்க.

ஏர்வாடி_உப்பு
டாக்டரே அப்ப நித்தியகல்யாணி இலையைக் கஷாயம் வச்சுக் குடிக்கச் சொல்லலாமா? எங்க வீட்டுக் கொல்லையிலயே கிடக்கு. சர்க்கரைக்குப் பூவைத் தின்னுறவங்களும் இருக்காங்க.

மருந்தியல்_மாணவி
டாக்டர் ஐயாவுக்கு முன்னால் நான் புகுந்துகொள்கிறேன், இது என் பாடம்.

சர்க்கரை விஷயத்திலிருந்துதான் அந்த மருந்தே கிடைத்தது. ஜமைக்காவில் இந்த இலையைச் சர்க்கரை நோய்க்குக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள். கனடாவில் நோபிள், பீர் என்ற இருவர் அதை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை பெரிதாகக் குறையவில்லை. வெள்ளை அணுக்கள்தான் சரிந்தன. வெள்ளை அணு கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்று என்று அந்த வழியில் போனார்கள். 1958-ல் வின்பிளாஸ்டின் வெளியே தெரிந்தது, பிறகு வின்கிரிஸ்டின்.

ஆனால் 1 கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். ஒரு நோயாளிக்கு ஒரு தடவை ஏற்றுவது 1 அல்லது 2 மில்லிகிராம்தான், அதுவும் ரத்தக் குழாயில் மட்டும். தவறி முதுகுத்தண்டில் போட்டால் உயிர் போய்விடும். நரம்பு மரத்துப்போவது, மலச்சிக்கல் எல்லாம் சரியான அளவிலேயே வரும். இப்படிப்பட்ட சரக்கைக் கொல்லையில் பறித்து டம்ளரில் குடித்தால் பூஜ்யமும் கிடைக்கலாம், விஷமும் கிடைக்கலாம். சர்க்கரை மாத்திரையோடு சேர்த்துக் குடித்துச் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழுவதும் உண்டு. வேண்டாம் அண்ணே.

தோல் புற்றுக்கும் வின்பிளாஸ்டினைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பரவிய மெலனோமாவுக்கு வேறு இரண்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தார்கள். கட்டி கொஞ்ச நாள் சுருங்கும், ஆயுள் பெரிதாக நீளவில்லை. 2011-க்குப் பிறகு உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசிகள் வந்ததும் இது பின்னுக்குப் போய்விட்டது.

கீழக்கரை_காக்கா
மஞ்சளை எல்லாரும் மறந்துட்டீங்க. மஞ்சள் புற்றைக் கொல்லும்னு ஆயிரம் ஆராய்ச்சி இருக்கே. அமெரிக்காக்காரன் புண்ணு ஆத்துற மஞ்சளுக்குக் காப்புரிமை வாங்கி, நம்ம அரசாங்கம் வழக்காடி 1997-ல ரத்து பண்ண வச்சதே. சும்மாவா வாங்குனான்?

மருந்தியல்_மாணவி
மஞ்சள் ஆராய்ச்சி நம் பக்கத்து மாநிலத்திலேயே மனிதர்களிடம் நடந்திருக்கிறது. திருச்சூர் அமலா புற்றுநோய் மையத்தில், வெளியே புண்ணாக வெடித்த புற்றுள்ள 62 பேருக்கு மஞ்சள் சாரமும், மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளின் களிம்பும் பூசிப் பார்த்து 1987-ல் வெளியிட்டார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு நாற்றம் குறைந்தது. அரிப்பு கிட்டத்தட்ட எல்லாருக்கும் குறைந்தது. புண்ணின் அளவோ வலியோ குறைந்தது பத்தில் ஒருவருக்குத்தான். புற்றுப் புண் உள்ள ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு நாற்றம் குறைவது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். அந்த அளவில் மஞ்சளுக்கு நான் கும்பிடு போடுவேன். குணமாக்கியது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

ஆயிரம் ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்லின் மேல் நடந்தவை. அந்தத் தட்டில் கடல் தண்ணீர் ஊற்றினாலும் புற்று செல் சாகும். குர்குமினைத் தின்றால் குடலில் சரியாக ஏறாது, ஏறியதையும் கல்லீரல் உடனே மாற்றிவிடும். இன்னொரு தொல்லை, அது சோதனைக் கருவிகளையே ஏமாற்றும். தானே ஒளிரும், புரதங்களில் கண்டபடி ஒட்டும், வேலை செய்யாமலேயே வேலை செய்த மாதிரி அளவு காட்டும். 2017-ல் மருந்து வேதியியலாளர்கள் இதையெல்லாம் தொகுத்து ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார்கள்.

எலித் தோலில் புற்று வராமல் மஞ்சள் தடுத்தது என்று படிப்பீர்களே, அந்த எலிக்கு முதலில் புற்றை எப்படி வரவழைப்பார்கள் தெரியுமா? ஒரு ரசாயனத்தைத் தடவிவிட்டு, பிறகு வாரம் இரண்டு தடவை நேர்வாளத்திலிருந்து எடுத்த பொருளைத் தடவுவார்கள். பேதிக்குக் கொடுக்கிற அதே நேர்வாளம். 1941-லேயே நேர்வாள எண்ணெய் புற்றைத் தூண்டிவிடுவதை எலித் தோலில் காட்டிவிட்டார்கள். அதில் உள்ள ஃபார்பால் எஸ்டர் வகைப் பொருள்கள் நம் திருகுகள்ளிப் பாலிலும் உண்டு. மஞ்சளைக் கள்ளிப்பாலில் குழைக்கச் சொல்கிறவருக்குத் தான் எதை எதோடு சேர்க்கிறோம் என்று தெரியாது.

தொண்டிக்காரர்
இது நல்லாருக்கே. தடுக்கறதும் செடி, வரவழைக்கறதும் செடி.

(நீக்கப்பட்ட பதிவு)

மட்டுறுத்துநர்
மேலே "21 நாளில் புற்று காலி, மூலிகைத் தைலம், கூரியரில் வரும்" என்று அலைபேசி எண்ணோடு போட்ட பதிவை நீக்கியிருக்கிறேன். புற்றைக் குணப்படுத்தும் என்று மருந்து விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் சட்டப்படி குற்றம். மறுபடி போட்டால் கணக்கு முடக்கப்படும். தனிச் செய்தியில் அந்த எண்ணைக் கேட்டு யாரும் வர வேண்டாம்.

சின்னப்பாலம்_தம்பி
எல்லாருக்கும் நன்றி. திங்கள்கிழமை கூட்டிட்டுப் போனோம். தோல் டாக்டர் சின்ன விளக்கு வச்ச லென்ஸால ரொம்ப நேரம் பாத்தாங்க. மரக்க ஊசி போட்டு ஓரத்தோட சேத்துக் கொஞ்சம் சதை எடுத்திருக்காங்க. ரிசல்ட் வர நாளாகும். பெரியம்மா வழி நெடுக அழுதாங்க, "கத்தி பட்டுருச்சுடா, இனி பரவிரும்"னு. நர்ஸக்கா, இதுக்கு நான் என்ன சொல்லட்டும்? டாக்டர் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க.

மண்டபம்_நர்ஸக்கா
இந்தப் பயம் எப்படி வந்துச்சுன்னு நான் சொல்றேன். முத்துன பிறகு வருவாங்க, சதை எடுப்போம், அதுக்கு முன்னாலயே நெறிகட்டி வரைக்கும் போயிருக்கும், மூணு மாசத்துல ஆள் போயிருவாங்க. ஊருக்குத் தெரியறது "கத்தி பட்டுச்சு, போயிட்டார்"ங்கறது மட்டும்தான். சதை எடுத்துப் பாக்கறதால மெலனோமா பரவறதில்ல. பெரியம்மாகிட்ட டாக்டர் பேரைச் சொல்லாத. உங்க பக்கம் இதே மாதிரி எடுத்துட்டு நல்லா நடமாடுறவங்க யாராவது இருந்தா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து உக்கார வை. பொம்பளைங்க பொம்பளைங்க சொன்னாத்தான் கேப்பாங்க.

தையல் பிரிக்கற வரைக்கும் கடலுக்கு அனுப்பாத. காசு பத்தி இப்பவே யோசிக்காத. முதலமைச்சர் காப்பீட்டுல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு, புற்று அறுவை அதுல வரும். தேவைப்பட்டா மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுப்பாங்க.

பாசிக்காரி_மக
எங்க அம்மாவும் பாசிக்குப் போறவங்கதான், நானும் லீவுல போயிருக்கேன். தம்பி எழுதுனதைப் படிச்சுட்டு ராத்திரியே அம்மாவைக் கட்டில்ல உக்கார வச்சு டார்ச் அடிச்சு ரெண்டு காலும் பாத்தேன். காய்ப்பும் வெடிப்பும் தழும்பும்தான். கையில துணி, ரப்பர் துண்டு எல்லாம் சுத்திக்கறாங்க, காலுக்கு ஒரு ரப்பர் செருப்பு, அதுவும் தேஞ்சது. கால்ல எது புதுசு எது பழசுன்னு அவங்களுக்கே தெரியாது.

நான் கேக்க வந்தது வேற. பாசியிலயே புற்று மருந்து இருக்குன்னு ஒரு கூட்டத்துல சொன்னாங்க. கட்டக்கோரைன்னு நாங்க எடுக்கற பாசியில ஏதோ இருக்காம். நாங்க கிலோ கணக்குல கொடுக்கற பாசியில அவ்வளவு மருந்து இருந்தா எங்களுக்கு மட்டும் ஏன் இந்த விலை?

மருந்தியல்_மாணவி
அக்கா, கட்டக்கோரையில் ஃபூகோய்டன் என்று ஒரு சர்க்கரைப் பொருள் இருக்கிறது, வழுவழுப்பு தருவதில் அதற்கும் பங்கு உண்டு. மெலனோமா செல்களையும் எலிக் கட்டிகளையும் அது அடக்குவதாக ஆய்வுகள் உண்டு. மனிதத் தோல் புற்றுக்கு அதை மருந்தாக எந்த நாடும் அனுமதிக்கவில்லை.

ஆனால் அதே கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் என்ற பொருளை எடுக்கிறார்கள். அதில் செய்த புண் கட்டுத் துணி ஆஸ்பத்திரிகளில் பல வருடமாகப் பயன்பாட்டில் இருக்கிறது. கசியும் புண்ணின் நீரை உறிஞ்சிக் கூழாகி, ஒட்டாமல் கழன்று வரும். புற்றைக் கொல்லாது. புற்றுப் புண்ணின் கசிவைத் தாங்கும். மரிக்கொழுந்துப் பாசியில் அகர் என்ற கூழ்ப்பொருள் எடுக்கிறார்கள், ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்க அது வேண்டும். விலை ஏன் இவ்வளவு என்பதற்கு என்னிடம் வேதியியலில் பதில் இல்லை அக்கா. இடையில் எத்தனை கை மாறுகிறது என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

தொண்டிக்காரர்
மாணவி, கடைசியா கேக்கறேன். இவ்வளவு செடி சொன்னீங்க. தோல் புற்றை நெசமாவே குணமாக்குன செடி ஒண்ணாவது இருக்கா இல்லையா?

மருந்தியல்_மாணவி
நேரடியாக என்றால் இல்லை. கிட்டத்தில் போனவை இரண்டு மூன்று உண்டு, எனக்குப் பிடித்தது ஒன்று.

அமெரிக்காவின் ஐடஹோ மலைப்பகுதியில் நெற்றி நடுவில் ஒற்றைக் கண்ணோடு ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. சினையாக இருந்த ஆடுகள் ஒரு காட்டு லில்லிச் செடியைத் தின்றதுதான் காரணம். அதிலிருந்த விஷத்துக்கு ஒற்றைக்கண் அரக்கன் பெயரால் சைக்ளோபமைன் என்று பெயர் வைத்தார்கள். கரு வளரும்போது உறுப்புகளுக்கு வழி சொல்லும் ஒரு சைகைப் பாதையை அது அடைக்கிறது என்று பல வருடம் கழித்துத் தெரிந்தது. அடிச்செல் புற்று, அதாவது உலகத்தில் மிக அதிகமாக வரும் தோல் புற்று, அதே பாதை திறந்தே கிடப்பதால்தான் வளர்கிறது. அப்படியானால் அடைத்துப் பார்ப்போமே என்று போனார்கள். செடியின் விஷம் நேரடியாகப் பயன்படவில்லை. அதே பூட்டுக்குப் பொருந்துகிற வேறு மூலக்கூறை ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். விஸ்மோடெகிப். 2012 ஜனவரியில் அனுமதி, உடம்பில் பரவிய அல்லது அறுக்க முடியாத அளவு பெருகிய அடிச்செல் புற்றுக்கு மட்டும். ஆரம்பத்திலேயே வந்தால் அறுத்து எடுப்பதை மிஞ்ச இதனாலும் முடியாது. கர்ப்பிணிகள் இதன் பக்கமே போகக் கூடாது, ஏன் என்று ஆடுகள் சொல்லிவிட்டன.

குவீன்ஸ்லாந்து மழைக்காட்டில் ஒரு மரம், அதன் விதையிலிருந்து எடுத்த ஊசி மருந்து நாய்களுக்கு வரும் ஒருவகைத் தோல் கட்டிக்கு 2020-ல் அனுமதி பெற்றது. கட்டிக்குள்ளேயே குத்துவார்கள், சில நாளில் கட்டி கறுத்து உதிரும். மனிதர்களுக்கு இன்னும் சோதனையில்தான். அப்புறம் பூர்ச்ச மரப்பட்டை. அதிலுள்ள பெட்டுலினிக் அமிலம் எலிகளில் மெலனோமாவை அடக்கியது என்று 1995-ல் வந்தபோது பெரிய பரபரப்பு. மெலனோமா மருந்தாக அது வரவே இல்லை. அந்தப் பட்டையின் சாரம் 2022-ல் ஐரோப்பாவில் வேறு வேலைக்குக் களிம்பாக வந்தது, தொட்டாலே தோல் உரியும் பிறவி நோய்க்காரர்களின் புண்ணை ஆற்ற.

பரமக்குடி_சித்தமருத்துவர்
மாணவி சொல்லாம விட்டதை நான் சேத்துடறேன், எங்க வீட்டுக் குறை இது. கரப்பானுக்கு ஆடுதின்னாப்பாளை இன்னும் குடுக்கறவங்க இருக்காங்க. நம்ம கரிசல்ல எங்க பாத்தாலும் கிடக்கு. அதுல இருக்கற அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில புற்றே வரவழைக்கும். உலக சுகாதார நிறுவனத்தோட புற்று ஆய்வு அமைப்பு முதல் பிரிவுல, அதாவது நிச்சயமாப் புற்று உண்டாக்கும்ங்கற பிரிவுல வச்சிருக்கு. ஆர்சனிக் விஷமுள்ள பாஷாணம் சேர்ந்த மருந்தை அரைகுறையாச் செஞ்சு வருஷக் கணக்குல குடுத்தா உள்ளங்கை, உள்ளங்கால்ல ஆணி ஆணியாத் தடிக்கும், அதுலேர்ந்து தோல் புற்று வரும். எந்த மருந்து தின்னாலும் சரி, யார் செஞ்சது, உரிம எண் இருக்கான்னு டப்பாவைத் திருப்பிப் பாருங்க.

கீழக்கரை_காக்கா
டாக்டர், இதை வேற இழையில கேக்கணும், ஆனா பேச்சு வந்துருச்சு. எங்க மகளுக்கு முழங்கை, கழுத்துல வெண்படை. கார்போக அரிசி எண்ணெய் பூசிட்டு வெயில்ல நில்லுன்னு ஒருத்தர் சொல்லி நடந்துக்கிட்டிருக்கு. கொஞ்சம் நிறம் திரும்புது, அதனால நிறுத்த மனசில்ல. ஆனா ரெண்டு தடவை கொப்புளம் போட்டுருச்சு. இதுவும் செடிதான். இதுல ஏதும் இருக்கா?

பரமக்குடி_சித்தமருத்துவர்
இருக்கு காக்கா. கார்போக அரிசியில சோராலென் இருக்கு. அது தோல்ல ஏறினப்புறம் வெயிலோட புற ஊதாக் கதிர் பட்டாத்தான் வேலை செய்யும். நிறம் திரும்பறதும் அதனாலதான், கொப்புளம் போட்டதும் அதனாலதான். இதே சோராலென் மாத்திரையும் விளக்கு வெளிச்சமும் சேத்து 1970-கள்லேர்ந்து அலோபதியில சொரியாசிஸுக்குக் குடுத்தாங்க. நூத்துக்கணக்கான தடவை எடுத்துக்கிட்டவங்களுக்குச் செதிள்செல் தோல் புற்று கூடுதலா வந்தது. வெண்படைக்காரங்ககிட்ட அந்த ஆபத்து அவ்வளவு தெரியல, ஆனாலும் கணக்கு வச்சுத்தான் குடுப்பாங்க. கீழக்கரைக் கடற்கரை உச்சி வெயில்ல கணக்கு ஏது?

கொப்புளம் ஆறுற வரைக்கும் எண்ணெயை நிறுத்துங்க. பூசுன அன்னைக்குக் கழுத்தையும் கையையும் மூடாம வெளியே அனுப்பாதீங்க. மகளுக்கு என்ன வயசு, எத்தனை மாசமாப் பூசறீங்க, வெயில்ல எத்தனை நிமிஷம், எந்த நேரம்? அந்த எண்ணெய் பாட்டில்ல உரிம எண் இருந்தா அதையும் எழுதுங்க.

கீழக்கரை_காக்கா
வயசு 14. அஞ்சு மாசமா. மதியம் லுஹர் பாங்கு சொல்ற நேரத்துல மாடியில அரை மணி நேரம் நிக்க வைக்கறோம். பாட்டில்ல ஒண்ணும் எழுதல.

பரமக்குடி_சித்தமருத்துவர்
இன்னைக்கே நிறுத்துங்க. நாளைக்குக் காலையில மகளைக் கூட்டிட்டு ராமநாதபுரம் வாங்க, தோல் பிரிவுலயே காட்டிரலாம். பாட்டிலையும் கொண்டு வாங்க.